இஞ்சு டேப்பால் அளந்து வாங்கிய போன்

நான் தைக்கிற நைட்டிகளுக்கெல்லாம் வலது பக்கம் ஒரு பாக்கெட் வைத்துவிடுவேன். ஒரு சாவிக்கொத்தும் கைக்குட்டையும் போட அது போதும். என் நைட்டியில் உள்ள அந்தப் பாக்கெட்டுக்குள் போகிற மாதிரி ஒரு போன் வேண்டும் என்று இரண்டு ஊர்க் கடைகளில் ஏறி இறங்கினேன். எதற்கு என்று மட்டும் எந்தக் கடையிலும் சொல்லவில்லை. சீன பாஷை டிக்ஷனரி போடுவதற்கு என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கம்.

எங்கள் வீடு கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், வெள்ளறடைக்குப் போகிற ரோட்டிலிருந்து இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் இறந்த பிறகு நானும் தம்பியும்தான். அவனுக்குக் கப்பலில் சமையல் வேலை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், நாற்பது தாண்டிய பிறகு, சீனாவில் ஒரு துறைமுக ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்கு நின்ற பெண்ணைக் கட்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். இங்கே வந்து கொஞ்ச நாளில் அவள் உண்டானாள். பேறுகாலத்துக்கு லீவு கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான். லீவு கிடைக்கவில்லை. வீட்டில் அவளும் நானும் மட்டும்.

நான் கல்யாணம் ஆகாதவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். துணி கொடுக்க வருகிறவர்களிடம்கூட அளவைத் தவிர வேறு பேச்சு எனக்கு வராது. அப்படிப்பட்டவளிடம் ஒரு வார்த்தை தமிழும் மலையாளமும் தெரியாத பெண்ணை விட்டுவிட்டுப் போனான்.

ஆனால் நாங்கள் பேசிக்கொண்டோம். அவள் போனில் ஒரு டிக்ஷனரி இருந்தது. வேண்டியதை அவள் அதில் எழுதுவாள். சீன எழுத்துக்குக் கீழே இங்கிலீஷில் அர்த்தம் வரும். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். உப்பு. பல்லி. முதுகு. நாளை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதே போனை வாங்கி இங்கிலீஷ் வார்த்தையை அடித்துக் கொடுப்பேன். முழுப் பேச்சையும் மாற்றித் தருகிற வேறொன்றையும் தம்பி காட்டியிருந்தான். அதற்கு நெட் வேண்டும். எங்கள் பள்ளத்தில் நெட் கிடையாது, மேலே ரோட்டுக்கு ஏறி எங்கள் கேட்டருகே நின்றால்தான் சிக்னல் இரண்டு கோடு தெரியும். மரச்சீனிக் கிழங்குக்கு உறைப்பு போதுமா என்று கேட்பதற்கு வயிற்றுப்பிள்ளைக்காரியை மேட்டில் ஏற்ற முடியுமா? டிக்ஷனரிக்கு நெட் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வார்த்தை. அதற்கு மேல் யாரும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்தே இருந்தது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல பிரசவம். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம், தன் போனை ஒரு துவாலையில் சுற்றிப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியதுதான். நான் பெட்டியைக் காட்டி, விரலால் எழுதுகிற மாதிரி சைகை செய்தேன். தலையை ஆட்டினாள். வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், இனி என்னோடு பேச்சு இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குளிப்பாட்டுகிற அக்கா வந்தாள். எங்கள் பக்கத்தில் பெற்றவளை வீட்டுக்குக் கொண்டுவந்தால், புளியிலையும் நொச்சியும் பலா இலையும் போட்டு வேகவைத்த வெந்நீரில் தினமும் குளிப்பாட்ட வேண்டும். அதற்கென்று உள்ள அக்கா அவள். எங்கள் சர்ச் சபையில் முக்கால்வாசிப் பெண்களைப் பேறு கழிந்து குளிப்பாட்டியவள் என்பதால் யாரும் அவளை எதிர்த்துப் பேசுவதில்லை. முதலில் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். அதற்கு ஒரு தடையும் இல்லை. தாயின் முறை வந்தபோது, தம்பி மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எட்டீ, வெள்ளம் கொதிச்சுப் பாதியாயாச்சு. இவ எழும்புவாளா மாட்டாளா?”

“அவ வரமாட்டேங்கா அக்கா.”

“வரமாட்டாளா? பெத்த ஒடம்பாக்கும் இது. இலை வெள்ளம் பட்டாத்தான் எலும்பு கூடும். நீ பெறல்ல, ஒனக்குத் தெரியாது. அந்தக் கையைப் புடி.”

நான் பிடித்தேன். பிடிக்கச் சொன்னதால் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். மூன்று நான்கு தடவை அதையே சொன்னாள். என்ன என்று தெரியவில்லை. இரண்டு பேருமாக இழுத்துக்கொண்டுபோய்க் காலிலும் முதுகிலும் வெந்நீரை ஊற்றினோம். தலையில் ஊற்றப் போனபோது அவள் போட்ட சத்தத்தில் அக்காவே செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“சைனாவுல வெள்ளம் இல்லியாக்கும்?” என்று கேட்டுவிட்டுத் தன் கையைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கும் இப்படியே கிடந்து கூவினான்னா நான் வரமாட்டேன். இல்ல, வருவேன். வராம பிள்ளையை என்ன செய்யது?”

அன்று முழுவதும் தம்பி மனைவி சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். சாப்பாட்டைத் தொடவில்லை. பிள்ளை பாலுக்கு அழும்போது மட்டும் திரும்பினாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிய வேண்டும். எனக்கு அது ஒன்றுதான். அதைக் கேட்க ஒரு டிக்ஷனரி வேண்டும். என்னிடம் இருந்ததோ பொத்தான் போன்.

பக்கத்து வீட்டு மைனியைப் பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு, முதலில் பாறசாலைக்குப் போனேன். எனக்குச் சிறிய போன் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. இடது கையில் எப்போதும் பிள்ளை இருக்கும். வலது மணிக்கட்டு, கிணற்றங்கரையில் வழுக்கி விழுந்து ஒடிந்து கூடியது. கத்தரி பிடிப்பேன். அகலமான எதையும் அந்தக் கையால் பிடித்து, அதே கையின் பெருவிரலால் எழுத முடியாது. நழுவிவிடும். அடுக்களையில் நிற்கும்போது போட்டு வைக்க ஒரு பாக்கெட்டும் வேண்டும்.

கடையில் நின்ற பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாம் கிச்சனில் பலகாரம் அடுக்குகிற தட்டு மாதிரி இருந்தன.

“செறுது உண்டோ?” என்று மெதுவாக மலையாளத்தில் கேட்டேன்.

“செறுது இப்போ ஆரும் சோதிக்காறில்ல சேச்சி. இது நோக்கிக்கே, சினிமா காணான் எந்து சுகமா!”

சின்னதை இப்போது யாரும் கேட்பதில்லையாம், சினிமா பார்க்க இதுதான் சுகமாம். சினிமா பார்க்க வேண்டாம் என்று சொல்லலாம். பிறகு எதற்கு என்று கேட்பாள். நான் “பின்ன வராம்” என்று, பிறகு வருவதாகச் சொல்லி இறங்கிவிட்டேன்.

இந்தப் பக்கம் கிடைக்காதது அந்தப் பக்கம் கிடைக்கும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள நம்பிக்கை. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிற களியக்காவிளைக்குப் பஸ் ஏறினேன். கேரளத்தில் இல்லாத நூல் நிறம்கூட அங்கே கிடைத்திருக்கிறது. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். நான் “சின்னது” என்று சொன்னதும், எந்த அளவுக்குச் சின்னது என்று கேட்டார். கையால் காட்டத் தெரியவில்லை. பையில் இஞ்சு டேப் இருந்தது, அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. டேப்பை எடுத்து, கண்ணாடி மேசையில் கிடந்த போன்களின் அகலத்தை ஒவ்வொன்றாக அளந்தேன்.

“என்ன அக்கா, போனுக்கு ஜாக்கெட் தைக்கவா?”

பக்கத்தில் சார்ஜர் வாங்க நின்றவர் சும்மா இருக்கவில்லை. “கைக்கு எறக்கம் வச்சுத் தையுங்க. இப்ப அதாக்கும் பேஷன்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் அளந்தேன். ஒன்று மட்டும் சரியாக வந்தது. என் பாக்கெட்டை விட அரை இஞ்சு குறைவு. விரல் சுற்றி வந்து மறுபக்கத்தைத் தொட்டது.

“இது எடுக்கேன்.”

“ஆருக்கு? ஒங்களுக்கா?”

“எனக்காக்கும்.”

“என்னெல்லாம் பாப்பீங்க? வீடியோ, பாட்டு?”

“ஒண்ணும் வேண்டாம். பேசினாப் போதும்.”

“பேச மட்டும்னா இது போதும். பழைய மாடலாக்கும், உள்ள எடம் கொறவு. எதையாவது ஏத்தினா நெறஞ்சிரும். பின்ன எனக்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கப்பிடாது, கேட்டீங்களா?”

உள்ளே இடம் குறைவு என்றால் என்ன என்று கேட்கவில்லை. துணிக்கு அளவெடுக்கிறவளுக்கு நீளமும் அகலமும்தான் கண்ணில் படும். டிக்ஷனரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வேறு ஒன்றை எடுத்துத் தந்திருப்பார், நல்ல மனிதர்தான். நான் தலையாட்டிவிட்டுப் போனைப் பாக்கெட்டில் போடுகிற கற்பனையிலேயே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டருகே நின்று டிக்ஷனரியை இறக்கினேன். அவள் போனில் பார்த்த படம் நினைவில் இருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. இறங்கி முடிந்ததும் ஓடினேன் என்றே சொல்லலாம். பிள்ளையை இடது கையில் எடுத்து, வலது கையில் போனைப் பிடித்து, ‘வலி’ என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையை அடித்தேன். சீன எழுத்து வந்தது. அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவள் இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

‘குளியல்’ அடித்தேன். ‘பசி’ அடித்தேன். தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து போனைப் பார்த்ததும், தீயைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிவிட்டாள். என் கையைத் தள்ளவில்லை. கையைத் தேடிப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். அது கோபமா மன்னிப்பா என்று எனக்குப் புரியவில்லை.

வார்த்தைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம் ஒன்று இருந்தது. அவள் போனில் அதைத் தொட்டால் ஒரு பெண் குரல் வார்த்தையைச் சொல்லும். பார்க்காவிட்டால் கேட்கட்டும் என்று தொட்டேன். குரலைத் தனியாக இறக்க வேண்டும் என்று வந்தது. மறுபடி மேட்டில் ஏறி, மழைத்தூறலில் முந்தானையால் போனை மூடிக்கொண்டு நின்றேன். போதிய இடம் இல்லை என்று வந்தது. எதையாவது அழி என்று வந்தது. அழிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. பிள்ளையின் ஒரு போட்டோ இருந்தது, அதையும் அழித்தேன். அப்போதும் இடம் இல்லை.

வேறு வழியில்லாமல் சீன எழுத்துக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்த உச்சரிப்பைப் பார்த்து நானே சத்தமாகப் படித்தேன். வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. பிள்ளை திடுக்கிட்டு அழுதது. தம்பி மனைவி கண்ணை மூடியபடியே கூர்ந்து கேட்டாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள்.

என் உள்ளங்கையை இழுத்து அதில் விரலால் எழுதினாள். சின்னச் சின்னக் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் விரலை எடுத்து எடுத்து. நான் அதைப் போனில் எழுதிப் பார்த்தேன். தமிழும் மலையாளமும் எழுதிப் பழகிய விரல், எடுக்காமல் வளைத்துக்கொண்டு போய்விடும். கட்டம் போட்டால் உருண்டையாக வந்தது. போன் என்னென்னமோ எழுத்தைக் காட்டியது. ஆடு. மூடி. எண்ணெய். எதுவும் அவளுக்கு வேண்டியதாக இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

குளிப்பாட்டுகிற அக்கா தினமும் வந்தாள். தினமும் கட்டில் கம்பியிலிருந்து அவள் கையைப் பிரித்தோம். தலையைத் தவிர மற்ற இடங்களில் ஊற்றினோம். சபையிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்த பெண்கள் ஜெபம் பண்ணிவிட்டு மூக்கைச் சுளித்தார்கள். “முடி எண்ணெ பிசுபிசுன்னு இருக்கே. தலை குளிக்காத்தவளுக்க கையில பிள்ளையைக் குடுத்திருக்கியே மோளே” என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். நான் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தேன். எனக்கு அதுதான் வரும்.

ஒருநாள் மத்தியானம் கேட்டருகே நிற்கும்போது தம்பியின் போன் வந்தது. கப்பல் ஏதோ கரையருகே போய்க்கொண்டிருந்தது.

“அக்கா, அவளுக்க அம்ம இப்பதான் எனக்கு மெசேஜ் போட்டிருக்கா. அங்க பெத்தா ஒரு மாசம் தலை நனைக்கப்பிடாது, ஒடம்பும் நனைக்கப்பிடாதாம். உள்ள காத்து கேறுமாம். போனும் பாக்கப்பிடாது, கண்ணு கெட்டிருமாம். அவ எப்படி இருக்கா?”

நான் பள்ளத்தில் இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

“அழவும் பிடாதாம் அக்கா. அழுதாலும் கண்ணு போயிருமாம்.”

“அவ அழுதோண்டுல்லா கிடக்கா” என்றேன்.

குளிப்பாட்டுகிற அக்கா தினமும் வந்து வெந்நீர் ஊற்றுவதையும் சொன்னேன்.

“அந்தக் குளிப்பாட்டுத அக்காட்ட வேண்டாம்னு சொல்லு.”

“நீ சொல்லு.”

“நான் கடல்ல கிடந்து எப்படிச் சொல்லுவேன்? ஒரு வார்த்தை தானே அக்கா.”

“செரி” என்றேன். கோடு போய்விட்டது.

அவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சீனத்தில் எனக்கு இனி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தமிழில், எங்கள் ஊர்த் தமிழில், எனக்குத் தெரிந்த ஒருத்தியிடம் வேண்டாம் என்று சொன்னால் போதும். அன்று மிஷினில் உட்கார்ந்து அதையே சொல்லிப் பார்த்தேன். ‘நாளை முதல் வேண்டாம் அக்கா. அவ்விடத்து வழக்கம் வேற.’ நன்றாகத்தான் வந்தது.

காலையில் அக்கா இலைக்கட்டைத் திண்டில் போட்டுவிட்டு முழங்காலைத் தடவினாள். “காலு வேதனையோட மேல கேறி ஒடிச்சிட்டு வந்தேன். நொச்சி கிட்டல்ல கேட்டியா, தோட்டம் தோட்டமா நடந்தேன்.”

என் வாயில் வந்தது வேறு. “இன்னைக்கு நான் குளிப்பாட்டுதேன் அக்கா. அவளுக்கு ஆளு முன்னால வெக்கம்.”

“வெக்கமா? ஒனக்கக்கூட இருந்தா வெக்கம் வராம பின்ன?” என்று சொல்லித் தண்ணீரைக் காய்ச்ச அடுப்படிக்குப் போனாள்.

கொதித்த தண்ணீரை அடுக்களைக்குப் பின்னால் உள்ள குளியலறையில் வைத்துவிட்டு, தம்பி மனைவியைக் கூட்டப் போனேன். கம்பியைப் பிடித்தாள். நான் இழுக்கவில்லை. காய்ந்த துவாலையால் அவள் தலையையும் காதையும் மூடிக் கட்டினேன். அவள் கம்பியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, மூலையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, முதல் செம்புத் தண்ணீரை எடுத்து, அழுக்குத் தண்ணீர் வெளியே போகிற ஓடைத் துளையில் ஊற்றினேன்.

வெளியே இருந்து அக்கா, “பிடரியில ஊத்துட்டி!” என்றாள்.

“ஊத்துதேன் அக்கா.”

“இடுப்புல அடிச்சு ஊத்து!”

நான் தரையில் அடித்து ஊற்றினேன். அந்த முழங்காலோடு நடந்து ஒடித்த இலையெல்லாம் பச்சை வாசனையோடு ஓடைக்குள் போனது. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். அழுகையாக இருந்துவிடக்கூடாதே என்று எனக்குப் பயம்.

மிச்ச நாளெல்லாம் அப்படியே நடந்தது. அக்கா இலை கொண்டுவருவாள், நான் ஓடையைக் குளிப்பாட்டுவேன். வேண்டாம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. “இப்பம் கூவாம குளிக்கா பாத்தியா? எல்லாம் இலைக்க குணமாக்கும்” என்று அக்கா சபையில் சொன்னதாக மைனி சொன்னாள்.

மாதம் முடிந்த அன்று தம்பி மனைவி தானே எழுந்து வெந்நீர் வைத்தாள். வெகுநேரம் குளித்தாள். தலை காய்வதற்காக முன்வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் நீட்டிய சாவியால் பெட்டியைத் திறந்து அவள் போனை எடுத்து வந்து கொடுத்தேன். சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அவள் கையை நீட்டி என் பாக்கெட்டிலிருந்து என் போனை எடுத்தாள். இத்தனை நாள் பார்க்காத சின்னத் திரையைக் கண்ணருகே பிடித்து, பெருவிரலால் சடசடவென்று எழுதி, என்னிடம் காட்டினாள். முகம் தெளிவாக இருந்தது. ரொம்ப நாளாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொல்கிற முகம்.

இங்கிலீஷ் கொஞ்சம் நீளமாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கல்யாணமான பெண் தன் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போவது.

இவ்வளவுக்கும் அவர்களுக்கு மூன்று எழுத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. எங்களுக்குத் தாய் வீட்டில் பெற்று, பிறகு புருஷன் வீட்டுக்கு வருவது வழக்கம். அவர்களுக்கு மாதம் கழிந்ததும் தாய் வீடு போலிருக்கிறது. அதற்காகத்தான் அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். பிள்ளையைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள், ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

பிள்ளைக்குப் பேர்கூட இன்னும் பதியவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எங்கே போக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தம்பி எந்தக் கடலில் இருக்கிறான் என்றும் தெரியாது. களியக்காவிளைக்கு அப்பால் தனியாகப் போகாதவள் நான். இதையெல்லாம் சொல்ல எந்த வார்த்தையை அடிப்பது? யோசித்து, கடைசியில் ‘காத்திரு’ என்பதை அடித்தேன். ஒரே ஒரு எழுத்து வந்தது.

அவள் அதைப் பார்த்தாள். திரையில் வேறு ஏதாவது வரும் என்பது மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, போனை என் நைட்டிப் பாக்கெட்டில் தானே போட்டாள். இழுபடாமல், துருத்தாமல், கச்சிதமாக உள்ளே போனது.